பார்பிக்யூ சாஸ் செய்வோம், செய்ததை எழுதி வைப்போம்

என் சமையல் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. மேல் மூலையில் தக்காளிக் கறை. அதற்குக் கீழே நீல மையில் ஆறு வரி: "கெச்சப் அரை பாட்டில். வினிகர் இரண்டு கரண்டி. வெல்லம் கொஞ்சம். மிளகாய்த்தூள், மிளகு. நல்லா சுண்ட விடணும். சூப்பரா வந்தது." அன்றைக்கு உண்மையிலேயே சூப்பராகத்தான் வந்தது. ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி செய்தேன். பாத்திரத்தில் இருந்தது வேறு எதுவோ. அரை பாட்டில் என்றால் எந்த பாட்டில்? கரண்டி என்றால் சாம்பார் ஊற்றும் கரண்டியா, தாளிக்கும் கரண்டியா? கொஞ்சம் என்றால் எலுமிச்சை அளவா, நெல்லிக்காய் அளவா? எழுதியவள் நான்தான். எனக்கே பதில் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதியபோது கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன். பார்பிக்யூ சாஸை முதல்முறையாக வீட்டில் செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு சாஸ்கள் தருகிறேன். ஒன்றுக்கு அடுப்பே வேண்டாம், இன்னொன்றுக்கு முக்கால் மணி நேரம் போதும். கூடவே, செய்ததை அடுத்தவரும் செய்து பார்க்கும்படி எழுதுவது எப்படி என்பதையும் சொல்கிறேன். எனக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. காரணம் இந்த சாஸின் கதையிலேயே இருக்கிறது.

இரவெல்லாம் விழித்திருந்தவர்

1930களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட், அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடு இருந்த முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. அப்படி 2,300க்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ். 1937இல் பேசியபோது அவருக்கு வயது 97.

பார்பிக்யூ விருந்துக்கு முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் இறைச்சியைச் சுட்டதை அவர் சொல்கிறார். அவருடைய சாஸில் வினிகர், கருமிளகு, சிவப்பு மிளகாய், உப்பு, வெண்ணெய், கொஞ்சம் சேஜ் இலை, கொத்தமல்லி, பேசில், வெங்காயம், பூண்டு. சிலர் கொஞ்சம் சர்க்கரையும் போடுவார்களாம். நீளமான கவைக் குச்சியின் முனையில் மெத்தென்ற துணியையோ பஞ்சையோ சுற்றி, சாஸில் முக்கி, இறைச்சி மேல் விடிய விடியத் தடவிக்கொண்டே இருப்பார். சாஸ் வழிந்து தணலில் சொட்டும். சொட்டியது புகையாகி, அந்த மசாலாப் புகையே திரும்ப இறைச்சியில் ஏறும். நான் படித்த சமையல் குறிப்புகளிலேயே மிக அழகானது இதுதான். எதைப் போடுவது என்பதோடு, போட்டது என்ன வேலை செய்கிறது என்பதையும் அவர் சொல்லிவிடுகிறார்.

அதில் அளவு மட்டும் இல்லை. வினிகர் எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று எழுதிக்கொண்டவர் கேட்கவில்லை.

அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 1824இல், மேரி ராண்டால்ஃப் என்ற வர்ஜீனியா சீமாட்டியின் சமையல் புத்தகம் அச்சாகிவிட்டது. அதில் பன்றிக்குட்டியை பார்பிக்யூ செய்யும் குறிப்பு ஒன்று உண்டு. ஒரு பைண்ட் தண்ணீர், இரண்டு பல் பூண்டு, இரண்டு கில் (ஒரு கில் என்பது கால் பைண்ட்) சிவப்பு ஒயின், இரண்டு கில் காளான் கெச்சப் என்று அளவெல்லாம் சரியாக இருக்கிறது. குழம்பின் நிறம் போதவில்லை என்றால் கருக்கிய சர்க்கரை சேர்க்கச் சொல்கிறது. ஆனால் அந்த இறைச்சி தட்டில் வைத்து ஓவனில் வேகிறது. தரையில் தோண்டிய குழி இல்லை, தணல் இல்லை, புகை இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள். குழியின் பக்கத்தில் நின்ற அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பதைப் பல தென் மாநிலங்களில் சட்டமே தடுத்தது. அந்தக் கைகளுக்குத் தெரிந்த அளவுகளில் பெரும்பகுதி காகிதத்துக்கு வரவே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஒரு குறிப்பைக் கவனமாக எழுதி வைப்பதை நான் சின்ன வேலையாக எண்ணாததற்கு இதுவே காரணம்.

தொடங்கும் முன்: கப்பும் கரண்டியும்

சமையல் மேடையில் முதலில் நோட்டும் பேனாவும் வரட்டும். அப்புறம் அளவுக் கருவிகள். கையில் எலக்ட்ரானிக் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் 240 மி.லி. கப் ஒன்றும், 15 மி.லி. மேசைக்கரண்டியும், 5 மி.லி. தேக்கரண்டியும் கட்டாயம் வேண்டும். இந்தக் கட்டுரையின் அளவுகள் பெரும்பாலும் அவற்றில்தான், சில மட்டும் கிராமில். தூள்களைக் கரண்டியில் அள்ளி, கத்தி முதுகால் மேலே ஒரு இழு இழுத்து மட்டம் செய்யுங்கள். குவித்து எடுத்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். மிளகாய்த்தூளில் அது பெரிய வித்தியாசம்.

இந்த மட்டக் கரண்டிப் பழக்கத்தைப் பரப்பியவர் ஃபேனி ஃபார்மர், பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்தியவர். அதுவரை அமெரிக்க சமையல் புத்தகங்களில் 'ஒரு முட்டை அளவு வெண்ணெய்', 'தேநீர்க் கோப்பை நிறைய மாவு' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 1896இல் வந்த தன் புத்தகத்தில் அவர் கப், மேசைக்கரண்டி, தேக்கரண்டி எதுவானாலும் மட்டமாகவே அளக்கச் சொன்னார். புத்தகம் விற்குமா என்று பதிப்பாளருக்குச் சந்தேகம் இருந்ததால், முதல் 3,000 பிரதிகளின் அச்சுச் செலவு ஃபார்மர் தலையில் விழுந்தது. அவர் பிடிவாதமாக நின்றது நமக்கு லாபம்.

பழைய குறிப்புகளையோ வெளிநாட்டுக் குறிப்புகளையோ பார்த்துச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பைண்ட் என்பது அமெரிக்காவில் 473 மி.லி., பிரிட்டனில் 568 மி.லி. ராண்டால்ஃபின் புத்தகம் வந்த அதே 1824இல்தான் பிரிட்டன் சட்டம் போட்டுத் தன் கேலனை மாற்றியது. அமெரிக்கா பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. மேசைக்கரண்டியும் ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. ஆகவே எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை எவர்சில்வர் அல்லது எனாமல் பூசியது. வினிகரும் தக்காளியும் அலுமினியத்தையும் பூச்சில்லாத இரும்பையும் அரிக்கும். சாஸில் உலோக வாடை ஏறிவிடும். அடி கனமாக இருக்கட்டும்.

முதல் சாஸ்: வினிகரும் மிளகாயும்

கிழக்கு வட கரோலினாவில் முழுப் பன்றியைத் தணலில் சுட்டு, நறுக்கி, அதன் மேல் தெளிப்பது இந்த வகைதான். தக்காளியே கிடையாது. வெஸ்லி ஜோன்ஸ் சொன்ன சாஸுக்கு நெருங்கிய சொந்தம் இது. புதிதாக வருபவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். நான்கைந்து பொருள்தான், அடுப்பு வேண்டாம், ஒவ்வொரு பொருளும் என்ன செய்கிறது என்பது நாக்குக்கு உடனே தெரியும்.

சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் 240 மி.லி. வினிகர் ஊற்றுங்கள். ஆப்பிள் சைடர் வினிகர் என்றால் மணம் மென்மையாக இருக்கும், வெள்ளை வினிகர் என்றால் நெடி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். லேபிளில் அமிலத்தன்மை 5 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த காய்ந்த மிளகாய், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் போட்டு மூடி, சர்க்கரை கரையும் வரை குலுக்குங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். மறுநாள் வினிகர் மெல்லிய செந்நிறமாகியிருக்கும். மிளகாயின் காரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்க்காதீர்கள், தொண்டையைப் பிடிக்கும். கொழுப்புள்ள இறைச்சித் துண்டு ஒன்றிலோ, வறுத்த உருளைக்கிழங்கிலோ நாலு சொட்டு விட்டு ருசி பாருங்கள். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு வெட்டுவது தெரியும். சாஸ் எதற்கு இருக்கிறது என்பது அந்த ஒரு வாயில் புரிந்துவிடும். ஜோன்ஸ் போல வெண்ணெய் சேர்க்க ஆசைப்பட்டால், தேவையான சாஸை மட்டும் தனியே எடுத்து, வெதுவெதுப்பாக்கி, வெண்ணெய் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து ஊருக்கு ஊர் சாஸ் மாறுகிறது. வட கரோலினாவின் லெக்சிங்டன் பக்கம் வினிகரில் கொஞ்சம் கெச்சப் சேர்ந்து 'டிப்' ஆகிறது. தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகு சாஸ், மஞ்சளாக. அலபாமாவின் டெகேட்டரில் பிக் பாப் கிப்சன் 1925 வாக்கில் தொடங்கிய கடையின் சாஸ் வெள்ளை. மயோனீஸ், வினிகர், மிளகு கலந்தது, புகையில் வெந்த கோழியை அதில் அப்படியே முக்கி எடுப்பார்கள். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் ஆட்டிறைச்சிதான் பிரதானம், அதற்குக் கறுப்பு டிப். நடு டெக்சஸின் பழைய கறிக்கடைகளில் சாஸே இல்லாமல் பரிமாறியதும் உண்டு. நம் கடைகளில் பார்பிக்யூ சாஸ் என்று விற்பது இவற்றில் எதுவும் அல்ல. அது கான்சாஸ் சிட்டி வழி: கெட்டியாக, செம்பழுப்பாக, இனிப்பாக.

இரண்டாவது சாஸ்: கான்சாஸ் சிட்டி வழி

கான்சாஸ் சிட்டியில் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் ஹென்றி பெர்ரி. 1908இல் சுட்ட இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து விற்றவர். அவருடைய சாஸ் இனிப்பே இல்லாமல் காரசாரமாக இருந்ததாம். இனிப்பும் மொலாசஸும் தூக்கலான சாஸை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனதில் பெரிய பங்கு ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவருக்கு. 1977இல் அவர் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியதுதான் கேசி மாஸ்டர்பீஸ் என்ற சாஸ் பிராண்ட்.

இந்த சாஸின் அடித்தளம் தக்காளி கெச்சப். அதன் பூர்வீகம் தக்காளியே இல்லாத சீனத்து மீன் சாஸ். ஹொக்கியன் மொழியின் 'கே-சியாப்' ஆங்கிலேயர் வாயில் கெச்சப் ஆகி, அவர்கள் கையில் காளான் கெச்சப் ஆகி, 1812இல் பிலடெல்பியாவின் ஜேம்ஸ் மீஸ் வெளியிட்ட குறிப்பில் தக்காளிக்கு வந்து சேர்ந்தது. 1876இல் ஹைன்ஸ் தக்காளி கெச்சப் விற்கத் தொடங்கியது. 1900களின் தொடக்கத்தில், உணவைக் கெடாமல் வைக்கும் சோடியம் பென்சோயேட் என்ற ரசாயனத்தைச் சேர்க்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய சண்டை நடந்தபோது, அது இல்லாமலே கெடாமல் இருக்க ஹைன்ஸ் சர்க்கரையையும் வினிகரையும் கூட்டியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் வாங்கும் கெச்சப்பிலேயே இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அது பிராண்டுக்கு பிராண்ட் மாறும். ஆகவே உப்பையும் கடைசிக் கரண்டி சர்க்கரையையும் இறுதிவரை கையிலேயே வைத்திருங்கள்.

தேவையானவை, ஏறக்குறைய இரண்டு கப் சாஸுக்கு, சேர்க்கும் வரிசையில்:

வெண்ணெய் அல்லது எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
வெங்காயம் – 1, துருவியது, சுமார் 100 கிராம்
பூண்டு – 3 பல், நசுக்கியது
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 2 தேக்கரண்டி
மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி
சீரகத்தூள் – அரைத் தேக்கரண்டி
தக்காளி கெச்சப் – ஒன்றரை கப், 360 மி.லி.
வினிகர் – அரை கப், 120 மி.லி.
தண்ணீர் – அரை கப், 120 மி.லி.
நாட்டுச் சர்க்கரை – 60 கிராம், பிறகு தேவைப்பட்டால் இன்னும் 10
மொலாசஸ் – 2 மேசைக்கரண்டி
வூஸ்டர்ஷர் சாஸ் – 2 மேசைக்கரண்டி
கடுகு பேஸ்ட் – 1 மேசைக்கரண்டி
உப்பு – ருசி பார்த்து, அரைத் தேக்கரண்டி வரை

இதில் மூன்று பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் 'சில்லி பவுடர்' நம் மிளகாய்த்தூள் அல்ல. அது மிளகாயோடு சீரகம், ஆரிகனோ, பூண்டுத்தூள் எல்லாம் கலந்த மசாலா. அவர்கள் இரண்டு மேசைக்கரண்டி என்றால் நாமும் குண்டூர் மிளகாய்த்தூளை இரண்டு மேசைக்கரண்டி போட்டுவிடக் கூடாது. காஷ்மீரி நிறம் தரும், காரம் அளவாக இருக்கும்.

மொலாசஸ் என்பது கரும்புச்சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு. லேசான கசப்பும் அடர்த்தியும் அதிலிருந்துதான் வருகின்றன. கிடைக்காவிட்டால் நல்ல கருநிற வெல்லம் 40 கிராம் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். கருப்பட்டியிலும் செய்து பார்த்திருக்கிறேன். அதன் புகைவாசனை இந்த சாஸுக்கு நன்றாகவே ஒத்துப்போனது, ஆனால் பனையின் மணம் முன்னால் வந்து நிற்கும்.

வூஸ்டர்ஷர் சாஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தது. லீ அண்ட் பெரின்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படித்தால் புளி இருக்கும், நம் புளியேதான். கூடவே நெத்திலி வகை மீனும் இருக்கும். ஆகவே சைவம் சாப்பிடுபவர்கள் அதற்குப் பதில் 1 மேசைக்கரண்டி சோயா சாஸும் 1 தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலும் சேர்க்கலாம்.

சரி, அடுப்பைப் பற்றவையுங்கள். வெண்ணெய் உருகியதும் துருவிய வெங்காயத்தைப் போட்டு, சிறு தீயில் 8 நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் சிவக்கக் கூடாது. பச்சை வாசனை போய், கண்ணாடி போல ஆகி, பாத்திரத்தில் ஒட்டாமல் நகர வேண்டும். பூண்டு சேர்த்து ஒரு நிமிடம். பிறகு மிளகாய்த்தூள், மிளகு, சீரகம் போட்டு அரை நிமிடம், கையை எடுக்காமல் கிளற வேண்டும். தூள் கருகினால் சாஸ் முழுக்கக் கசக்கும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது. அப்படி ஆகிவிட்டால் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள், வெங்காயம் ஒன்றுதான் நஷ்டம்.

உடனே கெச்சப், வினிகர், தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, மொலாசஸ், வூஸ்டர்ஷர், கடுகு பேஸ்ட் எல்லாவற்றையும் ஊற்றிக் கலக்குங்கள். வினிகர் சூடாகும்போது எழும் நெடி கண்ணைக் கரிக்கும், முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே நீட்டாதீர்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல், 25 நிமிடம். தொடக்கத்தில் குமிழிகள் சின்னதாக, வேகமாக வரும். சுண்டச் சுண்ட அவை பெரிதாகி, 'பொளக் பொளக்' என்று மெதுவாக வெடித்துத் தெறிக்கும். கைமேல் பட்டால் கொப்பளிக்கும் அளவுக்குச் சூடு, ஆகவே நீளக் கைப்பிடியுள்ள மரக்கரண்டியால் அடியைத் தொட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிக்கொண்டிருங்கள்.

பதம் பார்க்க, கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்து, கொஞ்சம் ஆறியதும் அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கமும் வழிந்து கோட்டை மூடினால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. கோடு கோடாகவே நின்றால் இறக்கிவிடலாம். இன்னும் கெட்டியாக வேண்டுமே என்று தொடர்ந்து சுண்ட விடாதீர்கள், ஆறினால் தானே இறுகும்.

இப்போது ருசி பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தில் அவசரம் வேண்டாம். இனிப்பு தட்டையாக நின்றால் ஒரு தேக்கரண்டி வினிகர். புளிப்பு பல்லைக் கூசவைத்தால் மீதி வைத்த சர்க்கரை. எல்லாம் இருந்தும் ஏதோ குறைகிறது என்றால் பெரும்பாலும் உப்புதான், கால் கால் தேக்கரண்டியாகச் சேருங்கள். ஒவ்வொன்றையும் சேர்த்த கையோடு நோட்டில் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் நினைவிருக்காது; என் ஆறு வரிப் பக்கம் அப்படி வந்ததுதான். வழவழப்பாக வேண்டுமென்றால் ஆறியபின் மிக்ஸியில் ஒரு சுற்று. வெங்காயத் துருவல் தட்டுப்படுவது எனக்குப் பிடிக்கும், ஆகவே நான் அரைப்பதில்லை.

பூசுவதும் பாதுகாப்பதும்

சாஸைத் தொடக்கத்திலேயே பூசிவிட்டுச் சுடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். கோழிக்கால் வெளியே கரிக்கட்டை, உள்ளே எலும்போரம் ரத்தம். சர்க்கரை 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் நிறம் மாறத் தொடங்கும், 180ஐத் தாண்டினால் கசக்கும். தணலுக்கு மேலே உள்ள கம்பி அதைவிட எவ்வளவோ சூடு. ஆகவே இறைச்சியை உப்பு, மிளகோடு மட்டும் முக்கால் பதத்துக்கு மேல் வேகவிட்டு, கடைசி 10 நிமிடத்தில் மெல்லிய பூச்சாக ஒருமுறை, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பூசுங்கள். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பனீர், காலிஃபிளவர் என்றால் ஐந்தாறு நிமிடம் சுட்டதும் பூசிவிடலாம்.

ஜோன்ஸ் இரவு முழுக்கத் தடவினாரே, அது எப்படி என்று கேட்கலாம். அவருடையது வினிகர் சாஸ். சர்க்கரை சிலர் மட்டும் சேர்ப்பது, அதுவும் கொஞ்சம். கருகுவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. இறைச்சி காயாமல் ஈரம் காப்பதுதான் அதன் வேலை. முதல் சாஸை அப்படி நீங்களும் வேகும்போதே தாராளமாகத் தெளிக்கலாம்.

பூசத் தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட பிரஷ் பாட்டிலுக்குள் திரும்பப் போகக் கூடாது. கிண்ணத்தில் மிஞ்சியதையும் திரும்ப ஊற்ற வேண்டாம். மீதி சாஸ் கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில், மூன்று வாரம் நன்றாக இருக்கும். வினிகர் சாஸ் இரண்டு மாதம். வினிகர் இருக்கிறதே, வெளியே வைத்தால் என்ன என்று தோன்றும். அமிலம் போதுமா என்று வீட்டில் அளப்பது எளிதல்ல. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாஸில் அந்தத் துணிச்சல் வேண்டாம். பாட்டில் மேல் செய்த தேதியை ஒட்டுங்கள்.

இனி எழுதுவோம்

அளவில்லாமல் எழுதும் பழக்கம் மிகப் பழையது. யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் பலகைகள், ஏறத்தாழ 3,700 ஆண்டு பழையவை, கிடைத்திருக்கும் சமையல் குறிப்புகளிலேயே மிகப் பழமையானவை. ஒரு பலகையில் மட்டும் 25 குழம்புகள். தண்ணீர் வை, கொழுப்பு போடு, பூண்டும் லீக் என்ற வெங்காய வகையும் நசுக்கிச் சேர் என்று போகும். எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது கிட்டத்தட்ட இல்லை. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியத் தொகுப்பில் நானூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள், அவற்றில் ஏராளமானவை சாஸ்கள், பெரும்பாலானவற்றில் மிளகு. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல்களை அகநானூறு பாடுகிறதே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த சமையலறைகள் அவை. அங்கேயும் அளவு அபூர்வம். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்கு எழுதியதால் அப்படி இருந்திருக்கலாம். நம் நோட்டு அப்படி இருக்க முடியாது, புதியவருக்கும் புரிய வேண்டும்.

அடுத்தது வடிவம். 1845இல் இங்கிலாந்தின் எலைசா ஆக்டன், செய்முறையை எழுதிவிட்டுக் கடைசியில் பொருள்களையும் அளவுகளையும் நேரத்தையும் தனியே தொகுத்தார். 1861இல் இசபெல்லா பீட்டனின் புத்தகம் பொருள் பட்டியலை மேலே கொண்டுவந்தது. இன்று நாம் எழுதுவது அந்த வழி. அமெரிக்காவின் இர்மா ராம்பவர் 1931இல் தன் சொந்தக் காசில் 3,000 பிரதி அச்சிட்ட புத்தகத்தின் 1936 பதிப்பில் வேறொன்று செய்தார்: செய்முறை நடந்துகொண்டே போகும், பொருள் தேவைப்படும் இடத்தில் அதன் அளவு தனி வரியில் வந்து நிற்கும். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். கடைக்குப் போகப் பட்டியல் மேலே இருப்பதே வசதி. ஆகவே பட்டியலை மேலே போட்டு, சேர்க்கும் வரிசையிலேயே அடுக்குங்கள். வரிசை மாறினால் புதியவர் தடுமாறுவார்.

நேரத்தை எழுதுங்கள், ஆனால் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். 25 நிமிடம் என்பது என் அடுப்பு, என் பாத்திரம். அகலமான பாத்திரத்தில் 18 நிமிடத்திலேயே சுண்டிவிடும். கரண்டி முதுகில் கோடு நிற்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிமிடக் கணக்கும் கண், மூக்கு, காதுக்கு ஓர் அடையாளமும் வேண்டும். எந்த இடத்தில் கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். பிராண்ட், வினிகரின் சதவீதம், தேதி, யாரிடம் கற்றது, இவையும் இருக்கட்டும். அமெரிக்கச் சட்டத்தில் வெறும் பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதனாலேயே, யாரிடம் கற்றோம் என்பதை நாமாகச் சொல்வதுதான் முறை.

எழுதத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஏபி ஃபிஷர் வழி காட்டியிருக்கிறார். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியவர். 1880இல் அங்கே நடந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் கண்காட்சியில் சிறந்த ஊறுகாய்க்கும் சாஸுக்கும் பதக்கம் வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, 1881இல் பெண்கள் கூட்டுறவு அச்சகம் அதைப் புத்தகமாக்கியது. உங்கள் வீட்டிலும் எழுதிப் பழக்கமில்லாத கைகாரர் ஒருவர் இருப்பார். அவர் சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு நில்லுங்கள். அவர் கையால் அள்ளிப் போடுவதற்கு முன், அந்தக் கையைத் தராசுக் கிண்ணத்தில் ஒருமுறை கவிழ்க்கச் சொல்லுங்கள். எடை குறித்துக்கொண்டு பாத்திரத்தில் போடலாம். "எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

கடைசி வேலை: எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல், அவர் செய்வதைப் பாருங்கள். திருத்தி எழுதிய என் பக்கத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். நன்றாகச் சமைப்பவர், பார்பிக்யூ சாஸ் மட்டும் செய்ததில்லை. இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, வெங்காயம் வதங்கினதும்னு போட்டிருக்கியே, செவக்கணுமா, வேணாமா?" நான் அதை எழுதவே இல்லை. எனக்குத் தெரிந்ததால் காகிதத்திலும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வெங்காயம் சிவக்கக் கூடாது என்று மேலே நீங்கள் படித்த வரி அன்றைக்கு, அவர் கரண்டியோடு காத்திருக்க, ஓரத்தில் பென்சிலால் எழுதியது.